அப்பா வேண்டாமென்ற வேலை

மாங்காடு காமாட்சியம்மனுக்கு ஆறு வார வேண்டுதல் உண்டு. வாரத்தில் ஏதாவது ஒரு கிழமையைப் பிடித்துக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு, அதே கிழமையில் ஆறு வாரம் தொடர்ந்து வர வேண்டும். கல்யாணம் கூடிவரவும் பிள்ளை பிறக்கவும் நேர்ந்துகொள்கிறவர்கள் எப்போதும் உண்டு. தேர்வுக் காலத்தில் அந்த வரிசையில் நிற்கும் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் வேறு சொற்கள் வந்து விழும்: நீட், கட்-ஆஃப், கவுன்சலிங். வேண்டுதல் யாருக்காகவோ அந்தப் பிள்ளை அந்நேரம் டியூஷனில் இருக்கும்.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையின் தொழிலைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. மேடையிலும் சினிமாவிலும் கேட்பது ஒன்று: பெற்றோர் தங்கள் ஆசையைத் திணிக்கிறார்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள். திண்ணையில் கேட்பது இன்னொன்று: பெத்தவங்களுக்குத் தெரியாததா, சொன்னதைக் கேள். இரண்டுமே, பெற்றோருக்குத் தாங்கள் வேண்டுவது இன்னதென்று தெளிவாகத் தெரியும் என்று எடுத்துக்கொள்கின்றன. அங்கேதான் எனக்குச் சந்தேகம். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர், மாங்காடு என்று சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள பெரும்பாலான வீடுகளில் பெற்றோருக்கு உறுதியாகத் தெரிவது எது வேண்டாம் என்பது மட்டுமே. "நாங்க பட்ட கஷ்டம் நீ படக்கூடாது." இந்த ஒரு வாக்கியம் கேட்காத வீடு இங்கே குறைவு. எதைவிட்டு ஓட வேண்டும் என்பது அதில் பளிச்சென்று இருக்கிறது. எங்கே போய்ச் சேருவது என்பதுதான் இல்லை. அந்த வெற்றிடத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதைத் தேடினால்தான் பெற்றோரின் செல்வாக்கு எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடும்.

ஓடச் சொன்ன வரலாறு

அந்த வாக்கியத்துக்கு ஒரு அரசியல் வரலாறு இருக்கிறது. 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றுக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறையும். மீதி நேரத்தில் பையன்கள் அப்பாவோடு அவர் தொழிலையும் பெண்கள் அம்மாவோடு வீட்டு வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் போதாமல் இருந்த காலத்தில் இரண்டு வேளையாக இரட்டிப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்பது அரசு சொன்ன கணக்கு. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்கு வைத்த பெயர்தான் நின்றது: குலக்கல்வி. எதிர்ப்பு காங்கிரசுக்குள்ளேயே பரவி, ராஜாஜி விலகி, 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. பெற்றோரின் தொழிலே பிள்ளையின் தொழில் என்பதை ஒரு அரசாங்கம் பாடத்திட்டமாக்கப் பார்த்து, ஓராண்டுக்குள் கவிழ்ந்த கதை இது. அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமமாக இருந்த மாங்காடு போன்ற ஊர்களைக் குறிவைத்துத்தான் அந்தத் திட்டம் தீட்டப்பட்டது. இந்த ஊர் நகராட்சியானது 2021-இல்தான்.

"என் தொழில் உனக்கு வேண்டாம்" என்று ஒரு சலவைத் தொழிலாளியோ சித்தாளோ இன்று சொல்வது அந்தச் சண்டையின் தொடர்ச்சி. அதைத் திணிப்பு என்று பெயரிட்டுக் கேலி செய்வோர், அப்பாவின் தொழிலைத் தொடர்வது பெருமையாக இருக்கக்கூடிய வீடுகளில் பிறந்தவர்களாகவே பெரும்பாலும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். டாக்டர் மகன் டாக்டரானால் அது பாரம்பரியம். துப்புரவுப் பணியாளர் மகன் அதே பணிக்குப் போனால் அது கொடுமை. ஒரே செல்வாக்குக்கு இரண்டு பெயர்.

ஆனால் மேற்குப் புறநகர் அப்பாக்கள் எப்போதும் வேண்டாமென்றே சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது; 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. அம்பத்தூரில் டிஐ சைக்கிள், டன்லப், பிறகு தொழிற்பேட்டை முழுக்கச் சின்னதும் பெரியதுமாக லேத்துப் பட்டறைகள். அந்தத் தலைமுறை அப்பாவுக்கு மகன் போக வேண்டிய இடம் கண்முன்னே இருந்தது: ஐடிஐ, பிறகு அப்ரெண்டிஸ், பிறகு பர்மனென்ட், குவார்ட்டர்ஸ், பென்ஷன். கழுதை மேய்ச்சாலும் கவர்மென்ட்ல மேய்க்கணும் என்ற பழமொழிக்கு ஆவடி குடியிருப்புகளைப்போல உயிருள்ள சாட்சி வேறில்லை. எப்போது விண்ணப்பம் விடுவார்கள், எந்த டிரேடுக்கு ஆள் தேவை, தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் ஷிஃப்ட் முடிந்து வரும்போது டிபன் கேரியரோடு வீட்டுக்கு வந்துவிடும். அப்பாவின் செல்வாக்கு என்பது இங்கே அப்பாவுக்குத் தெரிந்த தகவல்தான்.

அரசே இதை ஒரு கட்டத்தில் விதியாக்கியது. 2004-இல் ரயில்வே கொண்டுவந்த ஒரு திட்டத்தின்படி, கேங்மேன், இன்ஜின் டிரைவர் போன்ற பாதுகாப்புப் பணியில் இருப்பவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும். 2010-இல் அது மேலும் சில பணிகளுக்கு விரிந்தது. அரசு வேலை பரம்பரைச் சொத்தா என்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2016-இல் கேட்டது. 2018-இல் ரயில்வே திட்டத்தை முடித்துக்கொண்டது. குலக்கல்வியை எதிர்த்த அதே மாநிலத்தில் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் குடும்பங்கள் முண்டியடித்தன. நல்ல சம்பளமும் பென்ஷனும் கூட வருமென்றால் அப்பா தொழில் இனிக்கிறது. குலத்தொழிலை எதிர்த்தவர்களைப் போலிகள் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. பெற்றோர் விலக்குவது தொழிலை விடவும் அதோடு ஒட்டிவரும் அவமானத்தையும் நிச்சயமின்மையையும்தான்.

இந்தியாவில் இது பற்றி வந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் மும்பையின் தாதர் பகுதிப் பள்ளிகளில் செய்து 2006-இல் வெளியிட்டது. ஆலைகளிலும் தொழிற்கூடங்களிலும் சாதி வழியாக வேலை கிடைத்துவந்த குடும்பங்கள், பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகும் பையன்களை மராத்தி வழிப் பள்ளிக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. சித்தப்பன் சொன்னால் வேலை கிடைக்கும், எதற்கு ஆங்கிலம்? பெண் பிள்ளைகளுக்கு அந்தச் சிபாரிசு வலை கிடையாது. அதனால் பெற்றோர் அவர்களை ஆங்கில வழியில் சேர்த்தார்கள். சகோதரர்களைவிடப் பெண்கள் வேகமாகப் புதிய வேலைகளை நோக்கி நகர்ந்தார்கள். செல்வாக்கு இருந்ததால் பையன்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மேற்குப் புறநகரில் அந்த வலை 1990-களுக்குப் பிறகு அறுந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய் காலூன்றியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடியது. ஒரகடம் வளர்ந்தது. வேலைகள் முன்பைவிடப் பெருகின. ஆனால் காண்ட்ராக்ட் வேலைகள். கம்பெனி பஸ்ஸில் போய்வரும் அப்பாவால் தன் வேலையையே அடுத்த ஆண்டுக்கு உறுதி சொல்ல முடியாது. மகனுக்கு எதைக் கைமாற்றுவது? வேண்டாம் என்ற சொல் முன்பைவிடச் சத்தமாக ஒலிக்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

வெற்றிடத்தை நிரப்பியவர்கள்

போரூரிலிருந்து பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ராமச்சந்திரா, சவீதா, பனிமலர். மாங்காட்டைத் தாண்டினால் சிக்கராயபுரத்தில் முத்துக்குமரன், குன்றத்தூர்ப் பக்கம் மாதா. மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல், நர்சிங். 1984-இல் எம்ஜிஆர் அரசு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்ட பிறகு எழத் தொடங்கிய கட்டடங்களின் வரிசை இது. 1997-இல் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வந்தது. 2006-இல் நுழைவுத் தேர்வை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. படிக்காத பெற்றோருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்தன என்பதில் சந்தேகமே வேண்டாம். 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுவதும் 28.4, தமிழ்நாட்டில் 47. "நீ படி" என்று சொன்ன லட்சக்கணக்கான பெற்றோரின் செல்வாக்கு இந்த எண்ணில் இருக்கிறது.

ஆனால் எதைப் படி? அதற்கு விடை சொன்னது சாலையோரத்துக் கட்டடம், கல்லூரிப் பேருந்து, பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேளச்சேரியில் கிடைத்த ஐடி வேலை. வீட்டில் யாருக்கும் தெரியாத உலகத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கும்போது, கண்ணில் படுவதை நம்புவதைத் தவிர வழியில்லை. இது மாங்காட்டு நோய் மட்டுமல்ல. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018-இல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டு 2020-இல் வெளியிட்ட அறிக்கையில், 41 நாடுகளில் பையன்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும் முப்பது வயதில் தாங்கள் பார்க்கப்போவதாகச் சொன்ன வேலைகள் வெறும் பத்துக்குள் அடங்கிவிட்டன. பணக்கார நாட்டுப் பிள்ளைகளிலும் பாதிப் பேரின் கனவு பத்து வேலைகளுக்குள்தான் இருக்கிறது.

ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் காப்புரிமைப் பதிவுகளை அவர்களின் பெற்றோர் விவரங்களோடு வைத்துப் பார்த்தார்கள். எந்தத் துறையில் கண்டுபிடிப்பாளர்கள் நடுவே வளர்ந்தார்களோ அதே குறிப்பிட்ட துறையில்தான் பிள்ளைகளும் பிற்பாடு கண்டுபிடிக்கிறார்கள். பெண் கண்டுபிடிப்பாளர்களை அக்கம்பக்கத்தில் பார்த்து வளர்ந்த பெண்களே அதிகம் கண்டுபிடிப்பாளர் ஆகிறார்கள். ஆண்களைப் பார்த்து வளர்வது பெண்களுக்கு உதவவில்லை. புத்திசாலித்தனம் மட்டுமே காரணமாக இருந்தால் துறை வரை இப்படிப் பொருந்தாது. பார்த்தால்தான் பிடிக்கும். "உனக்குப் பிடித்ததைச் செய்" என்ற அறிவுரையின் ஓட்டையும் இதுதான். பார்க்காத ஒன்று ஒரு பிள்ளைக்கு எப்படிப் பிடிக்கும்?

தமிழ்நாட்டில் என்ன படிப்பது என்ற முடிவு உண்மையில் எடுக்கப்படுவது பிளஸ் டூ முடிவு நாளன்று இல்லை. பத்தாம் வகுப்பு முடிந்து, பிளஸ் ஒன்னில் குரூப் கேட்கும்போதே பாதி வாழ்க்கை முடிவாகிவிடுகிறது. பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர் மேத்ஸ், பியூர் சயின்ஸ், காமர்ஸ், தொழிற்பிரிவு. பொறியியல் கவுன்சலிங் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. உயிரியலுக்கு அதில் இடமில்லை. நீட்டில் உயிரியல் இருக்கிறது, கணக்கு இல்லை. இரண்டு கதவையும் திறந்து வைக்க விரும்பும் பெற்றோர் பயோ-மேத்ஸ் கேட்கிறார்கள். இன்சூரன்ஸ் எடுப்பதுபோல்தான், பிரீமியம் கட்டுவது பிள்ளை. கணக்கும் வேண்டாம், பூச்சி அறுப்பதும் வேண்டாம் என்று வரலாறு வாசித்துக்கொண்டிருக்கும் பெண்ணும் அந்த வகுப்பில் இரண்டு ஆண்டு உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை பள்ளிகளில் காமர்ஸ் குரூப்பை "மார்க் கம்மியானவங்களுக்கு" என்று ஆசிரியர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள்! பட்டயக் கணக்காளர் படிப்புக்கும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் ஆடை வடிவமைப்புக்கும் எந்த குரூப்பும் தடையில்லை என்ற செய்தி, குரூப் பாரம் நிரப்பும் மேசை வரை வந்து சேர்வதில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பட்டரைப்பெரும்புதூரில், அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பலகைகளில் அது விளம்பரம் செய்வதில்லை, அவ்வளவுதான் குறை.

ஆல்பர்ட் பண்டுராவின் குழு இத்தாலியில் ரோம் அருகே ஒரு ஊரில் பள்ளிப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. வீட்டு வருமானமும் படிப்பும் பிள்ளையின் தொழில் நாட்டத்தை நேராகத் தொடுவதில்லை; பிள்ளையை முன்னேற்றத் தங்களால் முடியும் என்று பெற்றோர் நம்புகிறார்களா, அவர்கள் எதிர்பார்ப்பது என்ன என்பவற்றின் வழியாகத் தொடுகின்றன. பிறகு, வாங்கிய மதிப்பெண்ணைவிட, எந்த வேலை தன்னால் முடியும் என்று பிள்ளை நினைக்கிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது. "அதெல்லாம் நமக்கு வராதும்மா" என்று சமையலறையில் சொல்லப்படும் ஒரு வார்த்தை குரூப் பாரத்தை விட வலியது என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதை அளந்து காட்டிய ஆய்வு இது.

நீட் இந்தக் கணக்கில் பணத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. 2021-இல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு தந்த அறிக்கைப்படி, மருத்துவத்தில் சேர்ந்தோரில் ஒரு முறைக்கு மேல் முயன்ற ரிப்பீட்டர்கள் 2016–17-இல் நூற்றுக்கு 12 பேர் அளவில் இருந்தார்கள். 2020–21-இல் 71 பேர். முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் பங்கு அதே காலத்தில் நூற்றுக்கு 24-லிருந்து 14 ஆகச் சரிந்தது. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் போவதென்றால் அந்த வருடத்துக்கு யாரோ சம்பாதித்துப் போட வேண்டும். ஆக, "இன்னொரு வருஷம் எழுது" என்று சொல்ல முடிந்த பெற்றோர், சொல்ல முடியாத பெற்றோர் என்று இரண்டு கூட்டம் உருவானது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இதில் ஒரு பகுதியைச் சரிசெய்தது. மாங்காட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தைத் தவணையில் கட்டும் ஆட்டோக்காரரின் பிள்ளைக்கு அதில் இடமில்லை. ஆங்கில வழிக்காகத் தனியார் பள்ளியில் சேர்த்த ஆறு வயது முடிவு, பதினெட்டு வயதில் வந்து குறுக்கே நிற்கிறது.

பெண் பிள்ளை, பஸ், நகை

பையனிடம் பெற்றோர் கேட்பது என்ன ஆகப்போகிறாய் என்று. பெண்ணிடம் கேட்பது எவ்வளவு தூரம் என்று. குன்றத்தூர்ப் பெண்ணுக்குத் தரமணியில் இடம் கிடைத்தாலும் சிக்கராயபுரம் போதும் என்று முடிவாகிவிடும். ராத்திரி ஏழுக்குள் வீட்டுக்கு வர முடியுமா என்பதுதான் அங்கே கட்-ஆஃப். டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளை ஆராய்ந்த கிரிஜா போர்க்கரும் இதையே கண்டார்: பாதுகாப்பான வழித்தடம் இருக்குமானால் தரம் குறைந்த கல்லூரியைப் பெண்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆண்கள் அந்த விலையைக் கொடுப்பதில்லை.

இன்னொரு கணக்கு நகைக் கணக்கு. கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று ஆண்டு வேலைக்குப் பிறகு கல்யாணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிப் பெண்களைச் சேர்த்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் பெற்றோர். ஸ்ரீபெரும்புதூர் மின்னணுக் கம்பெனிகளில் அந்தப் பெயர் இல்லை, சம்பளமும் மேல். ஆனால் பிளஸ் டூ முடித்த பெண்ணைக் கம்பெனிக்கு அனுப்பும் பல வீடுகளில் "ரெண்டு வருஷம் போகட்டும், நகைக்கு ஆகும்" என்ற பேச்சு மாறவில்லை. இதை எழுதும்போது இரக்கமில்லாத பெற்றோர் என்ற சித்திரம் வந்துவிடக் கூடாது. அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்த அக்காக்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்ஐடியில் சேர, அவருடைய அக்கா ஜோகரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பது நாடறிந்த செய்தி. யார் நகையை யார் படிப்புக்கு அடகு வைப்பது என்ற கேள்வியில் திசை எப்போதும் ஒன்றாகவே இருந்திருக்கிறது என்பதுதான் உறுத்துகிறது.

இந்தத் திசையை மாற்ற அரசு செய்த ஒரு காரியத்தை இதற்குள் வைத்துப் பார்க்க வேண்டும். 1989-இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில், எட்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் தந்தார்கள். 2011-க்குப் பிறகு தாலிக்குத் தங்கமும், பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் ஆனது. படிக்க வைத்தால் கல்யாணச் செலவுக்கு உதவி என்று பெற்றோரோடு போட்டுக்கொண்ட பேரம் அது. 2022-இல் அதே திட்டம் புதுமைப் பெண் ஆனது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். தொகை சின்னது. ஆனால் முகவரி மாறிவிட்டது: பணம் அப்பா கையில் மணமேடையில் தரப்படுவதில்லை, மகள் பெயரில் மூன்றோ நான்கோ வருடம் வருகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்ற வீட்டுப் பேச்சில் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு வாதம் கிடைத்திருக்கிறது. பெற்றோரின் மனத்தை மாற்ற உபதேசத்தைவிட இது உதவும் என்பது என் துணிபு.

பார்த்தால்தான் பிடிக்கும் என்றேனே, அதற்கும் ஒரு இந்திய ஆதாரம் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு. ஊராட்சித் தலைவர் பதவி இரண்டு முறை பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், பிள்ளைகளின் எதிர்கால ஆசையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 32 விழுக்காடு குறைந்தது. பெற்றோரின் ஆசையிலும் குறைந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போனது. அந்த ஊர்களில் பெண்களுக்குப் புதிதாக வேலையொன்றும் வந்துவிடவில்லை. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை அம்மா அப்பாக்கள் பார்த்தார்கள்.

விதிவிலக்குகள், விலைப்பட்டியலோடு

இந்தப் பக்கத்துப் பெற்றோர் இப்போது அடிக்கடி சொல்லும் இரண்டு பெயர்கள், சதுரங்க வீரர்கள் குகேஷ், பிரக்ஞானந்தா. குகேஷ் படித்தது மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில். பிரக்ஞானந்தாவின் வீடு பாடியில். இரண்டும் அம்பத்தூரை ஒட்டிய இடங்கள். தொலைக்காட்சியே கதியென்று இருந்த பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியைத் திசைதிருப்பச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். தம்பியும் பின்னால் வந்தான். குகேஷ் நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளிப் படிப்பை நிறுத்தி, 2024 டிசம்பர் 12 அன்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனானார். பிள்ளை விருப்பத்துக்கு விட்டால் எங்கே போகலாம் என்பதற்கு இவர்களை மேடைகளில் உதாரணம் காட்டுகிறார்கள். காட்டட்டும். கூடவே இதையும் சொல்ல வேண்டும்: குகேஷின் அப்பா காது-மூக்கு-தொண்டை அறுவை மருத்துவர், மகனோடு பயணம் போகத் தொழிலை நிறுத்தினார், நுண்ணுயிரியலாளரான அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. பிரக்ஞானந்தாவின் அப்பா வங்கி அதிகாரி. துணிச்சலுக்குக் கீழே ஒரு மாதச் சம்பளம் இருந்தது. ஒரகடத்தில் காண்ட்ராக்டில் இருப்பவரிடம் போய் "பிள்ளையை விட்டுப் பிடியுங்கள்" என்பது எளிது.

சம்பளமே இல்லாமல் விட்டுக்கொடுத்த அப்பாவும் நம் வரலாற்றில் உண்டு. உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கட சுப்பையர் சங்கீத வித்துவான். மகனும் சங்கீதத்தில் வர வேண்டும் என்பது ஆசை. மகனுக்குத் தமிழ்ப் பைத்தியம். நிலையான வருமானம் இல்லாத அந்த மனிதர் தமிழ் ஆசிரியர் கிடைக்கும் ஊர்களாகப் பார்த்துக் குடும்பத்தை நகர்த்திக்கொண்டே போனார். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைச் சேர்த்தபோதும் சங்கீத ஆசையை விடாமல் கோபாலகிருஷ்ண பாரதியிடமும் அனுப்பினார். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை, பாட்டு நின்றது. தந்தை இசைந்தார். தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று சுற்றத்தார் கேட்ட காலம் அது. கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்தது 1880-இல்தான். அந்தத் தந்தை மகனுக்குத் தந்த பெரிய உதவி, தனக்குத் தெரியாத துறையில் தெரிந்தவரைத் தேடிப் போய் ஒப்படைத்தது.

இன்றைய மேற்குப் புறநகரில் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தும் யாரும் தேடிப் போவதில்லை என்பதற்கு ஐடிஐ ஒரு சான்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிஎன்சி ஆபரேட்டருக்கும் டூல் ரூமுக்கும் ஆள் கிடைக்காமல் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவோரை நம்பிப் பட்டறைகள் ஓடுகின்றன. அரசும் டாடா டெக்னாலஜிஸும் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்து, 2023-இல் ஒரகடத்தில் தொடங்கி வைத்தார்கள். ரோபோவும் முப்பரிமாண அச்சும் அங்கே இருக்கின்றன. ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனாலும் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பையன் ஐடிஐ என்று சொன்னால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிடும். இதைப் பெற்றோரின் கௌரவப் பைத்தியம் என்று தள்ளிவிடுவது பலருக்குப் பழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. காண்ட்ராக்ட் சம்பளமும் கிரீஸ் படிந்த சட்டையும் எப்படிப்பட்டவை என்று அந்த அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கைத்தொழிலுக்கு மரியாதையும் நிரந்தரமும் தராத முதலாளிகள் பெற்றோரின் மனநிலையைக் குறை சொல்ல அருகதை இல்லாதவர்கள்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்கு வழிகாட்டுகிறது. நல்ல முயற்சி. ஆனால் அது பேசுவது பெரும்பாலும் பிள்ளையோடு. முடிவு எடுக்கும் அம்மாவும் அப்பாவும் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட மட்டுமே பள்ளிக்கு வருகிறார்கள். 2022-இல் அரசுப் பள்ளிகளில் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெரும்பான்மை பெற்றோர். தலைவர் ஒரு தாய். அந்தக் குழுவுக்கு என் வேண்டுகோள்: கழிப்பறை, சுற்றுச்சுவர் பேசி முடித்தபின், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்காக வருடத்தில் இரண்டு கூட்டங்களை ஒதுக்குங்கள். பேச்சாளர் தேட வேண்டாம். உங்கள் ஊரிலேயே இருக்கும் நர்ஸ், கோர்ட் கிளார்க், சிஎன்சி ஆபரேட்டர், கணக்காளர், கம்பெனி பஸ்ஸில் போகும் பெண் ஆகியோரைக் கூப்பிட்டு, மாதம் எவ்வளவு கைக்கு வருகிறது, எந்த வயதில் வேலை போய்விடும், திரும்பத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையே எடுப்பீர்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

கூட்டம் நடத்தும் பள்ளி கிடைக்காதவர்கள் அரையாண்டு விடுமுறையில் பிள்ளையோடு அம்பத்தூர் ஐடிஐக்கும் ஒரு பாலிடெக்னிக்குக்கும் ஒரு சட்டக் கல்லூரிக்கும் நேரில் போய், கட்டணம் எவ்வளவு, எந்த குரூப் வேண்டும் என்று கேட்டுவிட்டு வரலாம். விசாரிக்கக் காசு வாங்குவதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. குரூப் பாரம் மே மாதம் கைக்கு வந்துவிடும்.